எட்டு மணி நேரம் தலையில் ஹெட்போன்: எடை, பஞ்சு, சென்னைப் புழுக்கம்

கடையில் ஹெட்போனை மாட்டி ஒரு பாட்டுக் கேட்டுப் பார்த்தால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். வலி, புழுக்கம், அரிப்பு எல்லாம் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். என் வேலை அந்த இரண்டு மணி நேரத்துக்கு அப்புறமும் நீள்கிற வேலை. ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்குவது. முதலில் தரமணிப் பக்கம் ஓர் அலுவலகத்தில், வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைத் தட்டச்சு செய்தேன். இப்போது நங்கநல்லூரில் வீட்டிலிருந்தே நேர்காணல்கள், கூட்டப் பதிவுகள், வீடியோக்களுக்கு சப்டைட்டில். காலையில் மாட்டினால் சாப்பாட்டுக்கும் காபிக்கும் கழற்றுவதோடு சரி. ஒலித்தரம் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நாள் முழுக்கத் தலையில் சுமப்பவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தமிழில் அவ்வளவாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் எடை. பெட்டியில் போட்டிருக்கும் கிராம் கணக்கைத்தான் எல்லாரும் பார்ப்போம். 1979-ல் சோனி முதல் வாக்மேனோடு கொடுத்த ஹெட்போன் ஏறக்குறைய 50 கிராம்தான். மெல்லிய கம்பி, காதுமேல் இரண்டு வட்டப் பஞ்சு, அவ்வளவே. இன்றைக்குக் காதை முழுதாக மூடும் ரகங்கள் பெரும்பாலும் 230-லிருந்து 300 கிராமுக்குள் வருகின்றன. ஸ்டுடியோக்களில் அதிகம் பார்க்கிற சோனி எம்.டி.ஆர்.-7506 சுமார் 230 கிராம். ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் 285. பேட்டரி, புளூடூத், இரைச்சல் நீக்கும் மைக்குகள் எல்லாம் சேர்ந்த சோனி எக்ஸ்.எம்.4 254 கிராம். அதே வேலையைச் செய்யும் ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம் வரும், உலோக உடம்பு என்பதால். பிளானர் ரகத்தில், அதாவது தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி எழுப்பும் ரகத்தில், 600 கிராமைத் தொடுபவையும் உண்டு. அவற்றை ராத்திரி நாற்காலியில் சாய்ந்து ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்கப் பயன்படுத்தலாம். குனிந்து தட்டச்சு செய்கிற கழுத்துக்கு அவை வேண்டாம்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். சென்ஹைசர் எச்.டி.600 260 கிராம். பேயர்டைனமிக் டி.டி.770 ப்ரோ 270 கிராம். பத்து கிராம்தான் வித்தியாசம். தலையில் வைத்தால் இரண்டும் இரண்டு விதம். காரணம், இரண்டு பக்கமும் தலையை அழுத்தும் விசை. நிறுவனங்களே கொடுக்கிற அளவுப்படி முதலாவது 2.5 நியூட்டன், இரண்டாவது 3.5 நியூட்டன். ஒரு நியூட்டன் என்பது கிட்டத்தட்ட 100 கிராம் எடை கொடுக்கும் அழுத்தம். அதாவது ஒன்று கால் கிலோவாக அழுத்துகிறது, இன்னொன்று முந்நூற்றைம்பது கிராமாக அழுத்துகிறது. விவரக்குறிப்பில் எடைக்குப் பக்கத்தில் இந்த எண்ணும் இருந்தால் அதை விடாமல் பாருங்கள். பல நிறுவனங்கள் போடுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். எடையைவிட அதுதான் அதிகம் சொல்லும்.

அழுத்தம் குறைவாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். குடத்தை இடுப்பில் வைக்கும்போது கையும் இடுப்பும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் அல்லவா, அது மாதிரி ஹெட்போனின் பாரத்தை உச்சந்தலைப் பட்டையும் காதைச் சுற்றிய பஞ்சும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பக்கவாட்டுப் பிடி தளர்ந்தால் முழுப் பாரமும் உச்சிக்குப் போகும். குனியும்போது முன்னால் சரிந்து நெற்றிக்கு வரும். பிடி அதிகமானால் உச்சி தப்பிக்கும், தாடையும் காதின் பின்பக்க எலும்பும் மாட்டிக்கொள்ளும். சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் என் சித்தி பையன் சொன்னதுதான் எனக்கு வழிகாட்டி: "கிராமை விடுக்கா, அது எங்க உக்காருதுன்னு பாரு."

எங்கே உட்காருகிறது என்று பார்க்கத் தொடங்கியதும் எனக்குப் புரிந்த முதல் விஷயம் வகிடு. நடு வகிடு எடுத்துத் தலை வாருகிறவர்களுக்கு ஹெட்போன் பட்டை வகிட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு உட்காரும். அந்த இடத்தில் முடியின் மெத்தை கிடையாது. தோல், அதற்குக் கீழே நேராக எலும்பு. சாயங்காலம் விரலால் தொட்டால் வகிடும் பட்டையும் சந்திக்கும் அந்த ஒரு புள்ளி மட்டும் நோகும். வேலை நாட்களில் வகிட்டைக் கொஞ்சம் பக்கவாட்டில் மாற்றிக்கொண்டேன். பட்டையையும் மணிக்கு ஒரு தடவை அரை அங்குலம் முன்னே, அப்புறம் பின்னே என்று நகர்த்துகிறேன். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். செய்து பார்த்தால் அதன் அருமை தெரியும்.

பட்டையில் இரண்டு வகை. ஒன்று, வளைந்த பட்டைக்கு அடியில் பஞ்சு ஒட்டியது. இதில் பஞ்சு அகலமாக, நீளமாகப் பரவியிருக்க வேண்டும். நடுவில் மட்டும் குண்டாக இருந்தால் பாரம் அந்த ஒரே இடத்தில் குவியும். இன்னொன்று, மேலே வளைவும் அதற்குக் கீழே தொட்டில் போல் தொங்கும் பட்டையும். ஏ.கே.ஜி. கே240 இந்த வகை. தொங்கும் பட்டை தலையின் வளைவுக்கு ஏற்ப வளைந்து கொடுப்பதால் எடை ஒரே இடத்தில் விழாது. நீள நேர வேலைக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் அந்தப் பட்டையை இழுத்துப் பிடிக்கும் ரப்பரோ எலாஸ்டிக்கோ காலப்போக்கில் தொய்ந்துவிடும். பழையது வாங்கும்போது அதை இழுத்து விட்டுப் பாருங்கள்.

கொண்டை போடுகிறவர்கள் உயரமாகப் போடாமல் பிடரிக்கு இறக்கிப் போட்டால் பட்டை நேராக உட்காரும். அலுவலகத்தில் எங்களுக்கு முதலில் கொடுத்தது ஸ்டெதஸ்கோப் போலத் தாடைக்குக் கீழே தொங்கும் ரகம், டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்கென்றே வருவது. உச்சியில் பாரம் சுத்தமாகக் கிடையாது, கொண்டைக்கும் பூவுக்கும் தொந்தரவில்லை. ஆனால் முழு அழுத்தமும் காதுத் துளையின் வாசலில் விழும். பக்கத்து இருக்கை அக்கா நுனியில் இருக்கும் சின்னப் பஞ்சை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தன் காசிலேயே வாங்கி மாற்றிக்கொள்வார். எங்கள் எல்லார் காதையும்விட அவர் காதுதான் நன்றாக இருந்தது.

புதிதாக வாங்கிய ஹெட்போன் இறுக்கமாக இருந்தால் உடனே குறை சொல்ல வேண்டாம். உள்ளே உலோகப் பட்டை இருக்கும் ரகமானால் உங்கள் தலை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் மாட்டி ராத்திரி முழுக்க விட்டுவிடலாம். சில இரவுகளில் பிடி தளரும். அவசரப்பட்டு ஒரேயடியாக விரிக்கக் கூடாது. முழுக்கப் பிளாஸ்டிக்காக இருந்தால் இந்த வேலையே வேண்டாம், கீல் பக்கத்தில் விரிசல் விடும்.

இனி பஞ்சு, அதாவது இயர் பேட். என்னைக் கேட்டால் ஹெட்போனில் பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது.

முதலில் குழியின் அளவு. பெரியவர்களின் காது மடல் நீளம் பொதுவாக ஆறு, ஆறரை சென்டிமீட்டர் இருக்கும். பேட்டின் உள்துளை அதைவிடச் சின்னதாக இருந்தால் காது மடங்கி உள்ளே திணிக்கப்படும், அல்லது மடலின் ஓரம் பஞ்சுக்கு அடியில் சிக்கும். மடல் குருத்தெலும்பு. அரை மணி நேரம் ஓரமாக அழுத்தினாலே சுருக்கென்று வலிக்கும். அதனால் ஸ்கேலை எடுத்துக் காதை அளந்துவிடுங்கள், நீளமும் அகலமும். வட்டத் துளையைவிட முட்டை வடிவத் துளை நம் காதுக்கு ஏற்றது. அடுத்தது ஆழம். காது நுனி உள்ளே இருக்கும் ஒலிபெருக்கி மூடியில் உரசக் கூடாது. காது வெளியே விரிந்திருப்பவர்களுக்கு இரண்டு சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும். உள்ளே உரசும் அந்த மெல்லிய துணி முதல் நாள் தெரியவே தெரியாது. ஒரு வாரத்தில் அதே இடத்தில் தோல் சிவக்கும்.

உள்ளே அடைத்திருக்கும் பஞ்சு சாதாரண ஃபோமா, மெமரி ஃபோமா என்பது அடுத்த கேள்வி. மெமரி ஃபோம் 1966-ல் நாசாவுக்காகச் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கியது, விமான இருக்கைகளுக்கு. சூடு பட்டால் இளகும், குளிரில் விறைக்கும், அதுதான் அதன் குணம். அலுவலக ஏ.சி.யில் காலையில் எடுக்கும்போது மெமரி ஃபோம் பேட் விறைப்பாக இருக்கும். உடம்புச் சூடு ஏறியதும் தாடை எலும்பு, கன்னம், கண்ணாடிக் கம்பி என்று எல்லா மேடு பள்ளத்துக்கும் படிந்துவிடும். அழுத்தம் பரவலாகப் போவதால் எந்த இடத்திலும் குத்தாது. சாதாரண ஃபோம் முதலில் மெத்தென்று இருந்து, மாதக்கணக்கில் அமுங்கி அமுங்கித் தட்டையாகிவிடும். அப்போது ஹெட்போன் அதேதான், எடை அதேதான், ஆனால் காது ஒலிபெருக்கியில் இடிக்கும். "இப்பல்லாம் இது ஏனோ வலிக்குது" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பேட்டை விரலால் அமுக்கிப் பார்க்கச் சொல்வேன். உடனே எழும்பி வரவில்லை என்றால் ஹெட்போனை மாற்ற வேண்டியதில்லை, பேட்டை மாற்றினால் போதும். மெமரி ஃபோம் மட்டும் மெதுவாகத்தான் எழும்பும், அதற்குக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் மேல் உறை. இங்கேதான் சென்னை தன் வேலையைக் காட்டும். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும், விலை கூடியவற்றிலும் நிறைய, நம் ஊரில் ரெக்சின் என்று சொல்கிற செயற்கைத் தோல்தான். அதன் மேல்பூச்சு பாலியூரித்தேன். காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் ஈரம் அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். வெப்பம் கூடக் கூட இது வேகமாக நடக்கும். கடலோர ஊர், வருஷம் முழுக்க ஈரக் காற்று, நடுவில் கத்திரி வெயில். கேட்கவா வேண்டும். கறுப்புச் செதில் கன்னத்திலும் காது மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு வரும். அலமாரியில் பத்திரமாக எடுத்து வைத்த ஹெட்போனும் இப்படி உதிரும். நாம் பயன்படுத்தாவிட்டாலும் காற்றில் ஈரம் இருக்கிறதே. உறை போட்ட பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் ஆயுள் கூடும். ஸ்பிரிட், சானிடைசர் போட்டுத் துடைத்தால் பூச்சு சீக்கிரம் வெடிக்கும். ஈரம் பிழிந்த துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை, அது போதும்.

வெல்வெட் பேட் காற்றை விடும், தோலில் ஒட்டாது. டி.டி.770-ல் வருவது அந்த வகை. மே மாதத்தில் ரெக்சினுக்கும் வெல்வெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மதியத்திலேயே உணர்ந்துவிடலாம். ஆனால் வெல்வெட் வியர்வையையும் தலைக்கு வைத்த எண்ணெயையும் குடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்கள் கழுவாமல் விட்டால் மூன்று வாரத்தில் காறல் வாடை வந்துவிடும். கழற்ற முடிகிற பேட்டாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ விட்டு அமுக்கி அலசி, முறுக்காமல் துண்டில் ஒற்றி, நிழலில் முழுக்கக் காய வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அது காய இரண்டு நாளுக்கு மேலும் ஆகும். அதனால் மாற்று ஜோடி ஒன்று கையில் இருக்க வேண்டும்.

நான் கடைசியில் வந்து சேர்ந்தது பனியன் துணிக்கு. பழைய வெள்ளைப் பனியனைப் பேட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் காதுக்குத் துளை விட்டு, ஓரத்தில் மெல்லிய எலாஸ்டிக் கோத்தால் உறை தயார். தினமும் ஒன்று மாற்றுகிறேன், துணியோடு துணியாகத் துவைத்துவிடுகிறேன். ரெக்சின் நேராகத் தோலில் படாததால் ஒட்டல் இல்லை, வியர்வை பூச்சுக்குப் போவதற்குள் பருத்தியே உறிஞ்சிக்கொள்கிறது. வெள்ளைத் துணியாக இருந்தால் இன்னொரு வசதி: சாயங்காலம் எந்த இடம் அழுக்காகியிருக்கிறதோ அங்கேதான் அழுத்தம் அதிகம் என்று கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு இடது பக்கத்தில் கீழ் ஓரம் மட்டும் கறுத்து வந்தது. அந்தப் பக்கக் கம்பியை ஒரு படி இறக்கினேன், இரண்டு பக்கமும் சமமாயிற்று.

துணியால் ஒலி மாறாதா என்றால், மாறும். பேட் தோலோடு ஒட்டி அடைத்துக்கொண்டால்தான் ஆழமான ஒலிகள் காதுக்குள் தங்கும். இடுக்கு வழியாகக் காற்று கசிந்தால் முதலில் குறைவது அதுதான். பாட்டுக்கு மிக்ஸிங் செய்பவர்கள் பேட்டை மாற்றும்போது கவனமாக இருக்க வேண்டும். என் சித்தி பையன் துணி உறையைத் தொடவே மாட்டான். பேச்சைக் கேட்டு எழுதுகிற எனக்கு அந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. பேட் கண்ணாடிக் கம்பியை மண்டையோடு சேர்த்து அழுத்தும். மதியத்துக்குள் காதுக்கு மேலே ஒரு கோடு விழும், அப்படியே தலைவலியாக ஏறும். இதற்குப் பருமனான, இளகிய மெமரி ஃபோம் பேட் உதவும். அதைவிட உதவுவது தட்டையான மெல்லிய உலோகக் கம்பி உள்ள சட்டம். பட்டையான பிளாஸ்டிக் கம்பியை வெளியே போகும்போது போட்டுக்கொள்ளலாம்.

தோட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பெண்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். திருகாணி உள்ள தோடு போட்டுக்கொண்டு ஹெட்போன் மாட்டினால், பேட்டின் கீழ் ஓரம் காது மடலை அழுத்தும்போது திருகு பின்னால் இருக்கும் எலும்பில் குத்தும். கம்பி நீளமாக இருந்தால் ரத்தமே வரும். கழற்றி வைத்தால் அம்மா விடமாட்டார். "காதை மூளியா வச்சுக்கிட்டு உக்காராதடீ" என்று சமையலறையிலிருந்தே குரல் வரும். அம்மாவின் பேச்சும் காப்பாற்றப்பட வேண்டும், காதும் காப்பாற்றப்பட வேண்டும். தி. நகரில் ஓர் ஆசாரியிடம் என் ஒற்றைக்கல் தோட்டின் கம்பியை மடல் தடிமனுக்கு வெட்டி, திருகாணிக்குத் தட்டையான சின்ன மூடி வைத்துத் தரச் சொன்னேன். ஜிமிக்கி, மாட்டல் எல்லாம் விசேஷத்துக்கு மட்டும். பேட்டின் துளை பெரிதாக இருந்தால் மடலும் தோடும் முழுக்க உள்ளேயே அடங்கிவிடும். துளை அளவைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சத்தமும் வசதியோடு சேர்ந்ததுதான். பின்பக்கம் திறந்த ரகங்களில் காது புழுங்காது, அது பெரிய நிம்மதி. ஆனால் மின்விசிறி ஐந்தில் சுற்றும், கீழே தெருவில் கீரைக்காரர் குரல், தண்ணீர் லாரி ஹாரன், மேலே நங்கநல்லூர்க்காரர்களுக்கே உரிய விமானச் சத்தம். எல்லாம் உள்ளே வரும், கை தன்னால் வால்யூமை ஏற்றும். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற பாதுகாப்பான எல்லை. என் மாதிரி ஆட்களுக்கு மணிக்கணக்கைக் குறைக்க முடியாது, சத்தத்தைத்தான் குறைக்க முடியும். அதனால் விடிகாலையில் திறந்த ரகம், தெரு விழித்த பிறகு மூடிய ரகம் என்று இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். இரண்டும் வெவ்வேறு இடத்தில் அழுத்துவதால் தலைக்கும் ஓய்வு.

மூடிய ரகத்தில் காதுக்குள் ஈரம் தேங்கும். நம் ஊர் மாதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில் காதுத் துளையில் பூஞ்சை வருவது சகஜம். விடாத அரிப்பு, அடைப்பு, நீர் வடிதல் என்று இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். பட்ஸ் விட்டுக் குடைந்தால் தோல் கீறி இன்னும் மோசமாகும். தலைக்குக் குளித்த ஈரத்தோடு ஹெட்போனை மாட்டவே கூடாது. நான் காது நன்றாக உலரும்வரை மெயில்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாங்கப் போகும்போது உங்கள் கண்ணாடி, தினமும் போடும் தோடு, தினமும் போடும் கொண்டையோடு போங்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கூட்டமில்லாத காலை நேரத்தில் போனால் நிதானமாகப் பார்க்கவிடுவார்கள். பாட்டைவிடத் தலை அசைவுதான் முக்கியம்: கீழே குனிந்து பாருங்கள், இரண்டு பக்கமும் திரும்புங்கள், வாயைத் திறந்து மூடுங்கள். தாடை அசையும்போது பேட் கூடவே நகர்ந்தால் அந்த இடத்தில் பின்னால் உரசும். கால் மணி நேரமாவது கழற்றாமல் கடையிலேயே நில்லுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு முழு வேலை நாளை அதோடு கழித்துவிடுங்கள். கழற்றியதும் கண்ணாடியில் பார்த்தால் சிவந்த தடங்கள் எங்கே அழுத்துகிறது என்று சொல்லிவிடும். கால் மணி நேரத்தில் மறையும் தடம் பரவாயில்லை. ராத்திரிச் சாப்பாடு வரை இருக்கும் தடம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், எவ்வளவு நல்ல ஒலியாக இருந்தாலும் சரி.

கடைக்காரரிடம் கடைசியாக ஒன்று கேளுங்கள்: இதற்கு மாற்று பேட் கிடைக்குமா, கையாலேயே கழற்ற முடியுமா. சிலவற்றில் திருகினால் வரும், சிலவற்றில் விளிம்பை இழுத்து மாட்டலாம், சிலவற்றில் பசையால் ஒட்டியிருப்பார்கள். ஒட்டியது உதிர்ந்தால் முழு ஹெட்போனும் வீண். நன்றாக விற்கும் மாடல்களுக்கு ரிச்சி தெருவிலேயே சில நூறு ரூபாயில் ஜோடி கிடைக்கும். விலை குறைந்த ஜோடியில் ஃபோம் மெல்லியதாக இருக்கும், அதனால் பழையதை உடன் எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்து உயரத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். நான் வாங்கும்போதே இரண்டாவது ஜோடியையும் சேர்த்து வாங்கிவிடுகிறேன். மாடல் நின்று போனால் பேட்டும் கொஞ்ச நாளில் கடையிலிருந்து மறைந்துவிடும்.